168 இன் 1

பழைய வீடியோ கேம் கேசட் சேர்க்கிறவன் நான்ங்கிற விஷயம் எங்க ஊருக்கே தெரிஞ்சுபோச்சு மக்களே. நான் சொல்லலை. "எம்பையன் சம்பளத்தை எல்லாம் ஓட்டைக் கேசட்டுல கொண்டுபோய்க் கொட்டுறான்" என்று எங்கம்மா நாலு வீட்டில் புலம்பியிருக்காங்க. அந்தப் புலம்பல் நாலு வீடு தாண்டி அஞ்சாவது வீட்டுக்குப் போய்ச் சேரும்போது "அவன் பழைய கேசட்டெல்லாம் நல்ல விலைக்கு வாங்குறானாம்" என்று மாறிப்போச்சு.

2024 ஆடி மாசம் ஒரு போன்.

"தம்பி, நான் கேம் கடை அக்கா பேசறேன். உங்க அண்ணன் வச்சிருந்த கேசட்டெல்லாம் ஒரு பொட்டி நெறையக் கெடக்கு. பழைய கேசட்டு கோடிக்கணக்குல போவுதுன்னு எந்தம்பி போன்ல காட்டுனான். நீ ஒரு நடை வந்து பாத்து வெலை சொல்லேன் சாமி."

கேம் கடை என்று காதில் விழுந்ததுமே வயித்துக்குள்ள லேசா ஒரு கலக்கம். காரணத்தை அப்புறம் சொல்றேன். முதல்ல கொசுவத்திச் சுருளை ஒரு சுத்து சுத்திட்டு வந்துடலாம்.

எங்க ஊர் பொம்மிடி. தர்மபுரி மாவட்டம். சேலம் - ஜோலார்பேட்டை ரயில் பாதையில் மொரப்பூருக்கும் சேலத்துக்கும் நடுவுல வரும். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தா ஏற்காட்டு மலை நீலமா தெரியும். "பொம்மிடியா? ரயில்ல போகும்போது போர்டு பாத்திருக்கேன்" என்பார்கள் காலேஜில். எங்க ஊரோட புகழ் அவ்வளவுதான்.

2005-ல எனக்கு எட்டு வயசு. ஸ்டேஷனுக்குப் போற ரோட்டில் இருந்து பிரியற ஒரு சந்தில் அண்ணன் கடை. பத்துக்குப் பன்னிரண்டு ரூம், மூணு டிவி, தரையில் பாய். ஒரு மணி நேரத்துக்குப் பத்து ரூபாய். அரை மணி நேரத்துக்கு அஞ்சு இல்லை, ஆறு! கேட்டா "சில்லறை வியாபாரம்னா அப்படித்தான்டா" என்பார். கரண்ட் போனா காசு திரும்பக் கிடைக்காது. வந்ததும் மீதி நேரம் ஆடிக்கலாம், ஆனா எப்போ வரும்னு யாருக்குத் தெரியும்? 2008-க்கு அப்புறம் தமிழ்நாட்டில் கரண்ட் எப்படிப் போச்சுன்னு உங்களுக்கே நினைவிருக்கும். மரியோவைக் கடைசிக் கோட்டை வாசல் வரை கொண்டுபோய் நிறுத்தி வச்சிட்டு இருட்டில் உட்கார்ந்திருந்த துக்கம் எல்லாம் சொல்லி மாளாது.

இந்த மெஷின்களைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும். அப்பத்தான் விலைக் கதை புரியும்.

நாம எல்லாரும் ஆடினது ஒரே மெஷினோட நகல்கள். அசல், நின்டெண்டோ கம்பெனி 1983 ஜூலையில் ஜப்பானில் விட்ட ஃபேமிகாம். அதையே உருவம் மாத்தி 1985-ல அமெரிக்காவில் விற்கும்போது, அனுமதியில்லாத கேசட் ஓடாதபடி ஒரு பூட்டு சிப்பை உள்ளே வச்சாங்க. ஜப்பான் மெஷினில் அந்தப் பூட்டு கிடையாது. கேசட்டில் 60 பின், செருகினா ஓடும். கேள்வி கேட்க ஆள் இல்லை. தைவான்காரங்களும் அப்புறம் சீனாக்காரங்களும் அந்தப் பூட்டில்லாத வீட்டுக்குள்ள புகுந்து மொத்த மெஷினையும் நகல் எடுத்தாங்க. போகப் போக உள்ளே இருந்த சிப் எல்லாத்தையும் ஒரே சிப்பில் சுருக்கி, அதன் தலையில் கறுப்பு எபாக்சியை ஒரு சொட்டு விட்டு மூடிட்டாங்க. விலை மளமளன்னு இறங்கிடுச்சு. ரஷ்யாவில் அதுக்குப் பேரு டெண்டி. நம்ம நாட்டில் அசலையே சமுராய் என்ற பேரில் வித்தாங்க, நகலில் மீடியா என்ற பேரு பிரபலம். எங்க அண்ணன் கடைக்கு வந்தது பேரே இல்லாத சரக்கு. சென்னை பர்மா பஜாரில் இருந்து பையில் போட்டு ரயிலில் கொண்டு வருவார்.

கேசட்டும் அப்படித்தான். ஒட்டியிருக்கிற படத்துக்கும் உள்ளே இருக்கிற ஆட்டத்துக்கும் பல சமயம் சம்பந்தமே இருக்காது. "9999999 இன் 1" என்று போட்டிருக்கும். போட்டுப் பார்த்தா அஞ்சாறு ஆட்டம்தான், அதையே ஆயிரம் வரிசையா எழுதி வச்சிருப்பான். 1-ஆம் நம்பரில் மரியோ முதல் லெவலில் ஆரம்பிக்கும், 43-ஆம் நம்பரில் அதே மரியோ மூணாவது லெவலில் ஆரம்பிக்கும். இப்போ ஒரு இஞ்சினியரா யோசிச்சா அந்த ஆள் மேல மரியாதைதான் வருது. மொத்த சூப்பர் மரியோவே 40 கேபி. உங்க போனில் காலையில் வர்ற குட் மார்னிங் ரோஜாப்பூ படம் அதைவிடப் பெருசு. மெனுவை நீட்டுறதுக்கு அவனுக்குச் செலவே கிடையாது, ஏமாறுறதுக்குத்தான் நாங்க இருந்தோமே.

நாங்க "டேங்க்" என்று உயிரைக் கொடுத்து ஆடினோமே, அதுவும் திருட்டுக்குள்ள திருட்டுதான். நாம்கோ கம்பெனியோட பேட்டில் சிட்டியை யாரோ கைவச்சுத் திருத்தி டேங்க் 1990-ன்னு வெளியே விட்டது.

அண்ணன் கடையில் ராத்திரி வாடகையும் உண்டு. வீட்டில் மெஷின் இருக்கிறவங்க பத்து ரூபாய் கொடுத்துக் கேசட்டை எடுத்துட்டுப் போயிட்டு, காலையில் எட்டு மணிக்குள்ள திருப்பித் தரணும். லேட்டானா ஒரு ராத்திரிக்கு இன்னொரு பத்து. நீள நோட்டு ஒண்ணு வச்சிருந்தார். தேதி, கேசட் பேரு, யார் வீட்டுப் பையன், எல்லாம் அவர் கையெழுத்தில் இருக்கும். திருப்பித் தந்ததும் சிவப்பு ரீஃபில்லில் ஒரு கோடு.

ஒரே ஒரு கேசட் மட்டும் வாடகைக்குக் கிடையாது. கான்ட்ரா. சிங்கப்பூர் போயிட்டு வந்த யாரோ கொடுத்தது. அதை அண்ணனே செருகுவார், அண்ணனே எடுப்பார். "அதுல மட்டும் மரம் ஆடும்டா" என்பார். நாங்க யாரும் கவனிச்சதில்லை. தலைக்கு மேல குண்டு பறக்கும்போது மரம் ஆடுதா, செடி ஆடுதான்னு எவன் பார்ப்பான்?

கடை எப்படிப் படுத்துச்சுன்னு இப்போ யோசிச்சா எனக்கு ஒரு கணக்கு புரியுது. 2006 செப்டம்பரில் தமிழக அரசு இலவச கலர் டிவி கொடுக்க ஆரம்பிச்சது. 14 இஞ்ச். அடுத்த ரெண்டு மூணு வருஷத்தில் எங்க பக்கத்தில் டிவி இல்லாத வீடே இல்லை. டிவி வந்ததும் திருவிழாக் கடையில் நானூறு ரூபாய்க்கு விக்கிற டிவி கேம் வீட்டுக்கு வந்துச்சு. பையன்கள் கடைக்கு வர்றதை நிறுத்திட்டாங்க. அண்ணன் 2010 வாக்கில் ரீசார்ஜ் கடைக்கு மாறி, அப்புறம் ஜெராக்ஸ் போட்டார். 2021 மே மாசம், கொரோனா ரெண்டாவது அலையில் போயிட்டார். நான் அப்போ ஊருக்கு வரலை. வர முடியலைன்னு சொல்லிக்கலாம்.

அதே 2021 ஜூலையில்தான் அமெரிக்காவில் ஹெரிடேஜ் ஏலக் கம்பெனியில் ஒரு கேசட் 15 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்குப் போச்சு. நம்ம காசில் பதினோரு கோடிக்கு மேல. சூப்பர் மரியோ 64, சீல் பிரிக்காத பெட்டி. அதுக்கு ரெண்டு நாள் முன்னால ஒரு செல்டா கேசட் 8 லட்சத்து 70 ஆயிரம் டாலர். அக்காவோட தம்பி போனில் பார்த்த வீடியோ இதுதான்.

சுருள் தீர்ந்துச்சு. 2024 ஆகஸ்ட் 11, ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம்.

தகரப் பெட்டியைத் திறந்ததும் புளி வாசம். ஒரு காலத்தில் புளி போட்டு வச்ச பெட்டியாம். புளி பித்தளைக் குடத்துக்கு நல்லது, கேசட்டோட பின்னுக்கு எமன். மொத்தம் 71 கேசட். மஞ்சள், நீலம், சிவப்புன்னு மிட்டாய்க் கடை மாதிரி இருந்துச்சு. அடியில் அண்ணனோட நோட்டு மூணு. அதைப் பார்த்ததும் வயித்துக் கலக்கம் இன்னும் கொஞ்சம் ஏறிச்சு.

கையோட ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், பட்ஸ், ஒரு மெஷின், பழைய ஏவி ஒயரை எச்டிஎம்ஐ ஆக்குற குட்டி டப்பா எல்லாம் கொண்டு போயிருந்தேன். அக்கா பொண்ணு சேலத்தில் பி.எஸ்சி. படிக்கிறா. அவளும் பட்ஸை எடுத்துக்கிட்டு உட்கார்ந்துட்டா. "நாம ஊதுவோம்ல அண்ணா?" என்றாள். ஊதக் கூடாதும்மா. ஊதினப்போ வேலை செஞ்சது காத்தால இல்லை, கழட்டி மறுபடி செருகினதால. எச்சில் ஈரம் பின்னை அரிக்கத்தான் செய்யும், நின்டெண்டோக்காரனே ஊதாதேன்னு சொல்லியிருக்கான். சின்ன வயசில் எங்கள் நுரையீரல் அத்தனையும் வீணாப்போச்சு.

மத்தியானம் வரை ஒவ்வொண்ணா போட்டுப் பார்த்தோம். 71-ல 38 ஓடுச்சு. 9 கேசட்டில் படம் வருது, கட்டம் கட்டமா உடையுது. மிச்சம் காலி.

இப்போ விலை. இந்த உலகத்துக்குள்ள வராதவங்களுக்கு, நான் பார்க்கிற முறையைச் சொல்றேன். யாராவது ஒரு லட்சம்னு போட்டு விக்கக் கூப்பிடுறது விலை கிடையாது, கனவு. அந்தப் பொருள் கடைசியா எவ்வளவுக்குக் கைமாறிச்சோ அதுதான் விலை. அதனால விற்று முடிஞ்ச பட்டியலைத்தான் பார்க்கணும். அடுத்தது, வெறும் கேசட்டா, பெட்டியும் புஸ்தகமும் சேர்ந்ததா, சீல் பிரிக்காததா? இதில் ஒவ்வொரு படிக்கும் விலை பல மடங்கு தாவும். அந்த பதினோரு கோடி கேசட்டுக்கு காசு ஆட்டத்துக்காகப் போகலை. சூப்பர் மரியோ 64 பல லட்சம் பேர் வீட்டில் இருக்கு, வெறும் கேசட்டை சில ஆயிரம் ரூபாய்க்கு வாங்கலாம். சீலும், வாட்டா என்ற கம்பெனி 9.8-ன்னு மார்க் போட்டு அடைச்சுக் கொடுத்த பிளாஸ்டிக் பெட்டியும்தான் மிச்ச கோடி. அந்த விலை ஏத்தத்தைப் பத்தியே அப்புறம் ஏகப்பட்ட சந்தேகம் கிளம்பி, 2022-ல அமெரிக்காவில் கேஸ் வரைக்கும் போச்சு.

இன்னொண்ணு, கதை. அதாவது இந்தப் பொருள் எங்கே இருந்தது, யார் கையில் இருந்ததுன்னு காட்ட ஆதாரம். அடாரி கம்பெனி 1983-ல விக்காத கேசட்டை எல்லாம் லாரியில் ஏத்தி நியூ மெக்சிகோவில் அலமோகோர்டோங்கிற ஊர்க் குப்பைமேட்டில் புதைச்சுது. 2014 ஏப்ரலில் தோண்டி எடுத்தாங்க. அதே ஈ.டி. கேசட், சுத்தமா, ஓடுற நிலையில், பழைய சாமான் கடையில் அடிமாட்டு விலைக்குக் கிடைக்கும். குப்பையில் நசுங்கி நாத்தம் அடிக்கிற ஈ.டி.க்கு ஊர் நகராட்சி "இது அந்தக் குப்பைமேட்டுக் கேசட்தான்" என்று சர்ட்டிஃபிகேட் கொடுத்து ஏலம் விட, எல்லாம் சேர்த்து ஒரு லட்சம் டாலருக்கு மேல வசூல். ஓடாத கேசட்டுக்கு!

நம்ம பெட்டிக்கு வந்தா மூணுமே கிடையாது. திருட்டுக் கேசட், எத்தனை அடிச்சான்னு கணக்கே இல்லை, எந்த வருஷம்னு அச்சும் இல்லை, பெட்டியும் இல்லை. ஓடுறதுக்கு அம்பதிலிருந்து இருநூறு ரூபாய் வரைக்கும் என்னை மாதிரி கிறுக்கன் எவனாவது கொடுப்பான். திருட்டுக் கேசட்டை மட்டுமே தேடிச் சேர்த்து, உள்ளே என்ன மாத்தியிருக்கான்னு பதிவு பண்ணி வைக்கிற ஆட்களும் உண்டு. ஆனா அவங்க காசோட வர மாட்டாங்க, ஆர்வத்தோட வருவாங்க.

இதை எல்லாம் சொல்லி முடிச்சேன். அக்கா முகம் விழுந்துடுச்சு. "அப்போ பொண்ணு ஃபீஸுக்கு ஆவாதா தம்பி?" அவ்வளவுதான் கேட்டாங்க.

அக்கா தம்பி சுவரில் சாஞ்சு நின்னபடி, "வாங்குறவன் அப்படித்தான் சொல்வான்" என்றார்.

எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. கோபமா பதில் சொல்ல வாயைத் திறந்துட்டு மூடிக்கிட்டேன். ஏன்னா அவர் சொன்னதில் தப்பே இல்லை. விலை சொல்றவனும் வாங்கறவனும் ஒரே ஆளா இருந்தா அது வியாபாரம் இல்லை, வேற பேரு. அதுவும் அந்த நிமிஷம் என் மனசில் என்ன ஓடிச்சுன்னு எனக்குத்தானே தெரியும்.

ஏன்னா அதுக்கு அரை மணி நேரம் முன்னால நான் கான்ட்ராவைப் போட்டுப் பார்த்திருந்தேன். மத்த கேசட்டை எல்லாம் சத்தமா "இது ஓடுது, இது ஓடலை" என்று சொன்னவன், அதுக்கு மட்டும் ஒண்ணும் சொல்லலை.

மரம் ஆடிச்சு மக்களே.

முதல் காட்டில் பின்னாடி நிக்கிற இலை எல்லாம் காத்தில் அசையுது. கான்ட்ராவோட ஜப்பான் பதிப்பில் மட்டும்தான் இது உண்டு. 1988-ல கொனாமி ஜப்பானில் விட்டப்போ தன்னோட சொந்த சிப் ஒண்ணை, விஆர்சி 2, கேசட்டுக்குள்ளேயே வச்சது. அதோட புண்ணியத்தில் இலை அசையும், பனிக் கட்டத்தில் பனி விழும், கட்டத்துக்குக் கட்டம் நடுவில் கதைப் படமும் மேப்பும் வரும். அமெரிக்கப் பதிப்பில் அந்த சிப் இல்லை, இதெல்லாமும் இல்லை. நம்ம ஊர் மல்டி கேசட்டில் நான் பார்த்ததெல்லாம் அந்த அசையாத கான்ட்ராதான். கேசட் லேபிளில் பெரிய எழுத்து மூணு, ஜப்பான்காரன் கான்ட்ராவை எழுதுற விதம். திருப்புளி போட்டுத் திறந்து பார்த்தேன். போர்டில் கொனாமி பேரு. (கறுப்புப் பொட்டு இருந்தா போலி, காலுள்ள சிப் இருந்தா அசல்னு பொதுவா சொல்லுவாங்க. அதை மட்டும் நம்பாதீங்க, ரெண்டு பக்கமும் விதிவிலக்கு உண்டு.)

அசல். பொம்மிடியில், புளிப் பெட்டியில். 71-ல ஒண்ணே ஒண்ணு.

இதுக்கும் கோடி எல்லாம் கிடையாது, வெறும் கேசட்டுக்குச் சில ஆயிரம் ரூபாய்தான். ஆனா நான் நாலு வருஷமா தேடிக்கிட்டிருந்த சாமான். "மொத்தமா எடுத்துக்கிறேன்க்கா, அஞ்சாயிரம் வச்சுக்கங்க" என்று சொன்னா அக்கா கும்பிட்டுக் கொடுத்திருப்பாங்க. எல்லாருக்கும் சந்தோஷம். யாரும் என்னைத் திருடன்னு சொல்லியிருக்க மாட்டாங்க. அந்த வாக்கியத்தை நான் மனசுக்குள்ள ரெண்டு தடவை சொல்லிப் பார்த்தேன் என்பதை இங்கே ஒத்துக்கிறேன்.

அப்போதான் அக்கா பொண்ணு நோட்டைப் புரட்டிக்கிட்டு இருந்தா. அண்ணன் கையெழுத்தை வாசிச்சு வாசிச்சுச் சிரிச்சுக்கிட்டிருந்தா. "அம்மா, இவரு பாரு, 'தண்ணி டேங்க் வீட்டுப் பையன், சொன்னா கேக்க மாட்டான்'னு எழுதி வச்சிருக்காரு." திடீர்னு நிமிர்ந்து, "அண்ணா, 'வாத்தியார் பையன்'னா நீங்கதானே?"

வயித்துக் கலக்கத்தோட காரணம் இதுதான்.

2008 மே 4. 168 இன் 1. ராத்திரி வாடகை. சிவப்புக் கோடு இல்லை.

பரீட்சை லீவில் எடுத்தது. காலையில் கொடுக்கலாம்னு ஒரு நாள் போச்சு, ரெண்டு நாள் போச்சு. லேட் காசு ஏற ஏறக் கடைப் பக்கம் போக பயம். அந்த ஜூனில் நாமக்கல் பக்கம் ஹாஸ்டலில் கொண்டுபோய் விட்டுட்டாங்க. கேசட் என் ட்ரங்குப் பெட்டிக்குள்ளேயே வந்துடுச்சு. லீவுக்கு வரும்போதெல்லாம் அந்தச் சந்தைச் சுத்திக்கிட்டுப் போனேன். அண்ணன் ஒரு தடவை பஸ் ஸ்டாண்டில் பார்த்து "என்னடா, நல்லாப் படிக்கிறியா?" என்றார். கேசட்டைப் பத்திக் கேட்கவே இல்லை. மறந்துட்டார்னு நினைச்சேன். நோட்டைப் பார்த்தா, 2009-ல அடுத்த நோட்டுக்கு மாறும்போது வராத கேசட்டை எல்லாம் முதல் பக்கத்தில் திரும்ப எழுதியிருக்கார். அதில் நானும் இருக்கேன். அடுத்த நோட்டிலும் இருக்கேன். மனுஷன் மறக்கலை, கேட்கலை, அவ்வளவுதான்.

அந்த 168 இன் 1 இப்போ என் ஷெல்ஃபில் முதல் வரிசையில் இருக்கு. வீட்டுக்கு வர்ற நண்பர்களிடம் "இதுதான் என்னோட முதல் கலெக்‌ஷன், 2008-ல வாங்கினது" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! வாங்கினதாம்.

பொண்ணு போனை எடுத்துக் கணக்குப் போட்டா. 5,943 ராத்திரி. பத்து ரூபாய் வீதம் 59,430. "அம்மா, பொட்டியிலேயே வெலை அதிகம் போற கேசட்டு இவருகிட்டதான் இருக்கு!" என்று அவள் சிரிக்க, இத்தனை நேரம் உம்முன்னு நின்ன அக்கா தம்பியும் சிரிச்சுட்டார். எனக்குத்தான் சிரிப்பு வரலை.

கான்ட்ராவை எடுத்து அக்கா கையில் கொடுத்தேன். "இது மட்டும் அசல்க்கா. நான் வாங்கலை. இந்தப் பெட்டியில் எதையுமே நான் வாங்கப் போறதில்லை. வாங்குற ஆளைப் பிடிச்சுத் தர்றேன். கொடுக்கிற காசு உங்க கணக்குக்கே நேரா வரட்டும்" என்றேன். அக்கா தம்பியைப் பார்த்தும் சொன்னேன். இதைப் பெரிய தியாகம் மாதிரி எழுதுறதா நினைக்காதீங்க. சொல்லி முடிச்ச அடுத்த நொடியே ஐயோன்னு இருந்துச்சு. ரயிலில் சேலம் வரை அதே நினைப்புதான்.

"லேட் காசு?" என்று நான் இழுத்தேன்.

"காசெல்லாம் வேணாம் தம்பி. கேசட்டைக் கொண்டாந்து வச்சிரு. அவரு எண்ணி வச்சது, ஒண்ணு கொறையக் கூடாது" என்றாங்க அக்கா.

சரக்கு சேர்க்கிற நண்பர்கள் வட்டத்தில் கான்ட்ரா படத்தைப் போட்டேன். கூடவே நோட்டுப் பக்கம் ஒண்ணும் படம் எடுத்துப் போட்டேன். அண்ணன் சரக்குப் பட்டியலில் "கான்ட்ரா (மரம் ஆடும்), வாடகைக்கு இல்லை" என்று எழுதி வச்சிருந்த பக்கம். மூணு பேர் கேட்டாங்க. கோயம்புத்தூர்க்காரர் ஒருத்தர் 4,200 கொடுத்தார். அந்த நோட்டுப் பக்கத்தையும் சேர்த்துக் கொடுத்தா இன்னும் ஆயிரம் தர்றேன்னார். அக்கா நோட்டைக் கிழிக்க முடியாதுன்னுட்டாங்க. ஜெராக்ஸ் கொடுத்தோம். (அண்ணனோட மெஷின்லயேதான். இன்னும் ஓடுது.)

4,200-ல ஒரு செமஸ்டர் ஃபீஸ் வராது. பரீட்சை ஃபீஸும் பஸ் பாஸும் வந்துச்சுன்னு பொண்ணு சொன்னா. ஓடுற கேசட்டில் இருபதை அவளே வச்சுக்கிட்டா. மிச்சத்தை நூறு நூத்தைம்பதுன்னு ரெண்டு மாசமா வித்துக் கொடுத்தேன். ஓடாததைக் காயலான் கடைக்குப் போடாம, என்னிக்காவது சிப் மாத்திப் பார்க்கலாம்னு தனியா ஒரு டப்பாவில் போட்டு வச்சிருக்கோம்.

ஆயுத பூஜை லீவுக்கு 168 இன் 1-ஐ எடுத்துட்டுப் போனேன். துணியில் சுத்தி, பழைய லேபிள் உரியாம. அக்கா மூணாவது நோட்டின் முதல் பக்கத்தைத் திறந்து, சிவப்பு பேனா இல்லாததால பச்சை ஸ்கெட்ச்சில் ஒரு கோடு போட்டாங்க. அப்புறம் பொண்ணு அதைச் செருகி 12-ஆம் நம்பரை அழுத்தினா. டேங்க். ரெண்டு பேர் ஆட்டம். அவள் என் கழுகை நாலு தடவை சுட்டுட்டு "தெரியாம பட்டுடுச்சுண்ணா" என்றாள்.

என் ஷெல்ஃபில் முதல் வரிசையில் இப்போ ஒரு காலி இடம் இருக்கு. அம்மா பார்த்துட்டு "ஒண்ணு ஒழிஞ்சுதா, நல்லது" என்றாங்க.

டிஸ்கி: பெட்டியில் ரெண்டு துப்பாக்கியும் இருந்துச்சு, வாத்து சுடுறதுக்கு. அது எல்இடி டிவியில் வேலை செய்யாது. பழைய பிக்சர் ட்யூப் டிவியில் படம் கோடு கோடா வரையப்படுற நேரத்தை நம்பி ஓடுற சமாச்சாரம் அது. அந்த 14 இஞ்ச் இலவச டிவி ஓடுற நிலையில் தர்மபுரி, அரூர், சேலம் பக்கம் யார் வீட்டுப் பரண்லயாவது இருந்தா எடைக்குப் போட்டுடாதீங்க. ஒரு வார்த்தை சொல்லுங்க, வந்து தூக்கிக்கிறேன். விலையை நீங்களே சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன் :-)